பேராச்சாம்பாவில் ஒரு பெயர் தெரியாத நகரம்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். முதல் மாதம் தட்சிணேஸ்வரம், பேலூர் மடம். அடுத்த மாதம் விக்டோரியா மெமோரியல், இந்தியன் மியூசியம். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் காளிகாட். அதற்கப்புறம் லேக் மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் வாழை இலையும் வாங்கி வருவதோடு சரி. இங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில், வயலுக்கு அடியில், 2300 வருஷத்துக்கு முந்தைய நகரம் ஒன்று கிடக்கிறது என்று சொன்னால், "அப்படியா சார்?" என்பார்கள். அடுத்த கேள்வி டி.டி.எஸ். பற்றியதாக இருக்கும்.

பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக டெபிட், கிரெடிட் பார்க்கிறவனுக்கு சரித்திரம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். இந்த ஊரின் பிரச்சினையே ஒரு வங்கிக்காரனுக்குச் சட்டென்று புரியக்கூடிய பிரச்சினைதான்.

ஊரின் பெயர் சந்திரகேதுகர். வடக்கு 24 பர்கானாஸ் மாவட்டத்தில், பாராசாத்திலிருந்து பசீர்ஹாட் போகும் டாக்கி ரோட்டில், பேராச்சாம்பா என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கிறது. 'கர்' என்றால் கோட்டை. சந்திரகேது என்ற ராஜாவின் கோட்டை என்று பொருள். அந்த ராஜாவைப் பற்றிக் கல்வெட்டும் இல்லை, காசும் இல்லை. கோராசாந்த் என்ற பீரோடு அவர் மோதியதாக ஒரு கதை இருக்கிறது. அதில் வரும் காலம் இஸ்லாம் வங்காளத்துக்கு வந்த காலம். மண்ணுக்கடியில் இருக்கும் நகரமோ அதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் முந்தியது. ஆக, இந்தப் பெயர் பிற்காலத்தில் ஒட்டியது. நகரத்தில் வாழ்ந்தவர்கள் அதை என்ன பெயரால் கூப்பிட்டார்கள் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

ஒரு யூகம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமியோ வியாபாரியோ எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு, கங்கை கடலில் கலக்கும் இடத்தில் 'கங்கே' என்ற சந்தை நகரம் இருப்பதாகச் சொல்கிறது. மெல்லிய மஸ்லின் துணி, முத்து, வாசனை திரவியங்கள் எல்லாம் அங்கிருந்து போயினவாம். அதற்கு அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கங்கேயைக் குறிப்பிடுகிறார். அந்தக் கங்கே இதுதான் என்று சொல்பவர்கள் பலர். எனக்கும் ஆசைதான். ஆனால் "இதுதான் கங்கே" என்று எழுதிய ஒரு துண்டு ஓடுகூடக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? நான் காவிரி டெல்டாக்காரன், மாயவரம் பக்கம். அதனால் இது எனக்கு எளிதில் புரிந்தது. டெல்டாவில் கல் கிடையாது. எங்கள் பக்கம் சோழர்கள் கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் கோயில் கட்டினார்கள். அதற்கு முன்பு அங்கே எல்லாம் செங்கல்லும் மரமும்தான். கங்கை டெல்டா எங்களுடையதை விடப் பல மடங்கு பெரியது, இங்கே கல்லுக்குப் பஞ்சமும் அதே அளவு பெரியது. கல் இல்லாத ஊரில் கல்வெட்டு எப்படி வரும்? வீடு மண், கோட்டை மண், பாத்திரம் மண், பொம்மை மண். ஆறு கொண்டுவந்து போட்ட நைஸான வண்டல் மண்ணை வைத்தே ஒரு நாகரிகத்தை நடத்தியிருக்கிறார்கள். அந்த ஆறும் இப்போது இல்லை. வித்யாதரி என்று ஒன்று ஓடுகிறது. ஒரு காலத்தில் கடலுக்குப் போகிற வழியாக இருந்தது, தூர்ந்து இளைத்துவிட்டது. பூம்புகாருக்குப் போய் "இதுவா காவிரி?" என்று கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாகத்தான் இருக்கும்.

இந்த இடம் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்த கதை சுவாரஸ்யமானது. 1900-களின் ஆரம்பத்தில் தாரக்நாத் கோஷ் என்ற உள்ளூர்க்காரர், இங்கே ஏதோ பழைய ஊர் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அரசுக்கு மனுப் போட்டார். 1907-இல் தொல்லியல் துறையிலிருந்து லாங்ஹர்ஸ்ட் என்ற வெள்ளைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். நம் ஆபீஸ்களில் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் பார்த்தவர்களுக்கு இந்த நடை தெரியும். 1909-இல் ரக்கால்தாஸ் பானர்ஜி வந்தார். பின்னாளில் மொகஞ்சதாரோவை வெளியே கொண்டுவந்தாரே, அவரேதான். அவர் சும்மா போகவில்லை. சில பொருட்களைச் சேகரித்துக்கொண்டு போய் அவற்றைப் பற்றி எழுதவும் செய்தார். 1920-களில் தொல்லியல் துறையின் காசிநாத் தீட்சித் வந்து பார்த்து, கீழ் வங்காளத்தின் மிகப் பழைய குடியிருப்புகளில் இது ஒன்று என்று சொன்னார். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

கடைசியில் தோண்டியது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் மியூசியம். குஞ்ச கோவிந்த கோஸ்வாமி தலைமையில் 1956-57-இல் தொடங்கி 1967-68 வரை, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார்கள். மண்ணடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மௌரியர்களுக்கு முந்தைய காலம், மௌரியர், சுங்கர்-குஷாணர், குப்தர், அதற்கும் மேலே பாலர் காலம். ஆக ஆயிரம் வருஷத்துக்கு மேல் தொடர்ந்து மனிதர்கள் இருந்த இடம். கிட்டத்தட்ட ஒரு சதுர மைல் பரப்பைச் சுற்றி மண் கோட்டைச் சுவர். அதன் மேடு இன்னும் பல இடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது. சில இடங்களில் அதன்மேல் மரம் இருக்கிறது, சில இடங்களில் வீடு இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே சாலையோரம் இருக்கும் மேட்டில் பெரிய செங்கல் கோயில் ஒன்றின் அடித்தளம் வந்தது. அது குப்தர் காலத்தது என்கிறார்கள். இந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கனா-மிஹிர் மேடு. கனா என்பவள் வங்காளத்துக் கதைகளில் வரும் ஜோசியக்காரி, வராஹமிஹிரரின் வீட்டு மருமகள். மாமனாரை விடச் சரியாகக் கணித்ததால் நாக்கை அறுத்துவிட்டார்களாம். மழை எப்போது பெய்யும், எதை எப்போது நடலாம் என்று அவள் சொன்னதாக நூற்றுக்கணக்கான பழமொழிகள் வங்காள விவசாயிகளிடம் உண்டு. அவளுக்கும் இந்த மேட்டுக்கும் சம்பந்தம் இருப்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஆனாலும் என் மனைவிக்கு அந்தக் கோயிலை விட கனாவைத்தான் பிடித்தது. மாமனார், மருமகள் விவகாரம் என்பதால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். சந்திரகேதுகர் உலகப் பிரசித்தி பெற்றது கோட்டையாலும் இல்லை, கோயிலாலும் இல்லை. சுடுமண் பலகைகளால். பெரும்பாலும் கையடக்கமானவை, அச்சில் அழுத்தி எடுத்துச் சுட்டவை. ஒன்றைப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். ஒரு பெண் நிற்கிறாள். தலைக் கொண்டையில் விசிறி மாதிரி பெரிய ஊசிகள் செருகியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அவை சின்னச் சின்ன ஆயுதங்கள். காதில் தோடு, இடுப்பில் அடுக்கடுக்காக மேகலை, கால் தெரியும் மெல்லிய துணி. பெரிப்ளூஸ் சொன்ன மஸ்லின் இதுதானோ என்று தோன்றும். அந்தப் பெண் தெய்வமா, யட்சியா, பணக்கார வீட்டு அம்மாவா, தெரியாது. யானை மேல் போகிறவர்கள், கதிர் அறுக்கிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், றெக்கை முளைத்த மனிதர்கள், ஜோடிகள் என்று ஒரு ஊரே இருக்கிறது. குழந்தைகள் இழுத்து விளையாட, சக்கரம் மாட்ட ஓட்டை போட்ட ஆட்டுக்கிடா வண்டிகளும் உண்டு. இரண்டாயிரம் வருஷத்து நடைவண்டி! என் பெண் அதை மட்டும் மூன்று முறை பார்த்தாள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, உள்பக்கம் வட்ட வட்டமாகச் சின்னப் புள்ளி வரிகள் போட்ட, வழவழப்பான தட்டுகள் கிடைத்தன. ரூலெட்டட் பாண்டம் என்று பெயர் வைத்தார். இது ரோமாபுரிப் பக்கத்துச் சரக்கு என்று முதலில் நினைத்தார்கள். பிறகு விமலா பெக்லி போன்றவர்கள், இது இந்தியாவிலேயே செய்தது, வீலர் நினைத்ததை விடப் பழையது என்று எடுத்துக்காட்டினார்கள். அழகன்குளம், காவிரிப்பூம்பட்டினம், கீழடி, இலங்கையில் அனுராதபுரம், இந்தோனேசியாவின் பாலித் தீவு வரைக்கும் இந்த ஓடு கிடைத்திருக்கிறது. சந்திரகேதுகரிலும் கிடைத்தது. 1997-இல் புனே டெக்கன் கல்லூரியைச் சேர்ந்த கோக்டே என்பவர், ஓடுகளின் மண்ணை எக்ஸ்ரே முறையில் ஆராய்ந்துவிட்டு, இந்தத் தட்டுகளைச் செய்த மண்ணே சந்திரகேதுகர்-தம்லுக் பகுதி மண் என்று எழுதினார். அதாவது நம் அரிக்கமேட்டு வியாபாரி சாப்பிட்ட தட்டு வங்காளத்து வண்டல் மண்ணில் செய்தது! பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்கவில்லை, வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் கப்பல் போய் வந்ததில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த சரக்குகளில் கங்கைப் பக்கத்துப் பொருளையும் பட்டினப்பாலை சேர்த்துச் சொல்கிறது. நம் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கங்கைக்குப் பெரிய கப்பல்கள் போனதை பெரிப்ளூஸும் சொல்கிறது. மாயவரத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வந்ததில் நான் முதல் ஆள் இல்லை என்று ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, அந்த வங்கிக்காரன் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஒருவர் வீட்டுக் கடனுக்கு வருகிறார். வீடு பிரமாதமாக இருக்கிறது, தேக்கு மரக் கதவு, மொசைக் தரை. நாங்கள் கேட்பது கதவை இல்லை. தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றிதழ் எங்கே, யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்று கேட்போம். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வீடும் எங்களுக்குச் செல்லாது. சந்திரகேதுகர் பலகைகளில் பெரும்பகுதி இப்படிப் பத்திரம் இல்லாத சொத்து.

ஆசுதோஷ் மியூசியம் தோண்டியது அந்த ஒரு சதுர மைலில் கொஞ்சம் இடங்களைத்தான். 2000-த்தை ஒட்டி இந்தியத் தொல்லியல் துறை கனா-மிஹிர் மேட்டில் திரும்பத் தோண்டியது. மற்ற இடமெல்லாம் வயல், குளம், வீடு. மண்ணை எடுத்தால் ஏதாவது வரும். குளம் வெட்டும்போது வந்தது, அஸ்திவாரம் போடும்போது வந்தது. முதலில் பிள்ளைகள் வைத்து விளையாடினார்கள். பிறகு வாங்க ஆள் வந்தார்கள். அப்புறம் பொருளுக்காகவே ராத்திரியில் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து ஏஜென்ட், கொல்கத்தா, வெளிநாடு. இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் உட்பட எத்தனையோ அருங்காட்சியகங்களில், தனியார் வீட்டு அலமாரிகளில், "சந்திரகேதுகர், கி.மு. முதல் நூற்றாண்டு" என்ற சீட்டோடு இந்தப் பெண்கள் நிற்கிறார்கள். அந்தச் சீட்டில் பலவற்றுக்கு ஆதாரம், பார்த்தால் அப்படித் தெரிகிறது என்பது மட்டும்தான்.

பொருள்தான் பத்திரமாக இருக்கிறதே, எங்கே இருந்தால் என்ன என்று என் சக அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பல பலகைகளின் மேல் விளிம்பில் ஓட்டை இருக்கிறது. சுவரில் மாட்டினார்கள் போல. எந்தச் சுவரில்? பூஜை அறையிலா, கூடத்திலா, கடையிலா, கல்யாண வீட்டிலா? ஒரே ஒரு பலகையை, விழுந்த சுவரின் அடியில், அடுப்புக்குப் பக்கத்திலோ விளக்குக்குப் பக்கத்திலோ, இருந்த இடத்திலேயே ஒருவர் அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்திருந்தால் அந்தப் பெண் யட்சியா வீட்டுக்காரியா என்பதற்குப் பாதி விடை கிடைத்திருக்கும். ஆயிரக்கணக்கில் வெளியே எடுத்தும் அந்த விடை கிடைக்கவில்லை. எடுத்தவன் இடத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்தக் குழி அடுத்த வாரமே குளமாகிவிட்டது. காலத்தையும் இப்படித்தான் கணிக்கிறார்கள். கொண்டையைப் பார்த்துப் பலகைக்குத் தேதி, பலகையின் தேதியைப் பார்த்துக் கொண்டைக்குத் தேதி. ஒரு கணக்குக்கு இன்னொரு கணக்கே சாட்சி என்றால் ஆடிட்டர் விடுவாரா?

கள்ளச் சரக்கும் புகுந்துவிட்டது. அச்சில் செய்த பொருள்தானே, பழைய பலகையிலிருந்து புது அச்சு எடுப்பது கஷ்டமே இல்லை. எல்லாமே பத்திரம் இல்லாமல் வருவதால் நல்லதோடு பொய்யும் கலந்து நிற்கிறது. கப்பல் படமும் எழுத்தும் உள்ள சில முத்திரைகளை பி.என். முகர்ஜி என்ற பெரிய அறிஞர் படித்து, வடமேற்கு இந்திய எழுத்தான கரோஷ்டி இங்கே வழங்கியது, குதிரை வியாபாரம் நடந்தது என்றெல்லாம் எழுதினார். படிக்கப் படிக்க ஆர்வமாக இருக்கும். ஆனால் அவற்றில் பல முறையான அகழாய்வில் வந்தவை இல்லை. அவர் வாசிப்பை மறுப்பவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கிறது.

நம் ஊர்ச் சிலைத் திருட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடிய நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது, 2014-இல் திருப்பிக் கொடுத்தது. கொடுக்க வைத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள். "இதோ எங்கள் கோயிலில் இருந்தபோது எடுத்தது" என்று காட்ட முடிந்தது. அந்தச் சிலையை விற்ற சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. அதே கபூர்தான் சந்திரகேதுகர் சுடுமண் பொருட்களை அமெரிக்க மியூசியம் ஒன்றுக்குத் தானமாகவும் கொடுத்தவர். கோயில் சிலைக்கு ஊரே சாட்சி. அர்ச்சகர் இருக்கிறார், திருவிழாப் படம் இருக்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் பலகையைத் திருடுவதற்கு முன் பார்த்தவர்களே கிடையாது. பார்த்த முதல் ஆளே திருடியவன். அதற்கு எந்த ஃபோட்டோவைக் காட்டி, எங்களுடையது என்று கேட்பது?

ஆனாலும் கொஞ்சம் திரும்பி வருகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா இந்தியாவுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்ட 297 பொருட்களில் பெரும்பாலானவை கிழக்கிந்தியாவின் சுடுமண் பொருட்கள் என்று அரசு அறிக்கையே சொன்னது. சந்தோஷம்தான். பொருள் வருகிறது, அது இருந்த குழி வராது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த ஊர்க்காரர்களைத் திருடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் டீ குடித்த கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "தாதா, என் நிலத்தில் ஓடு இருந்தால் வீடு கட்டாதே என்கிறார்கள். என் தாத்தா அங்கேதான் இருந்தார். நான் எங்கே போக?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும், சொல்லாமல் கொடுத்தால் அன்றைக்கே கையில் காசு. அரைக்காணி நிலக்காரன் எதைச் செய்வான்? இன்னொரு பக்கம், இதே ஊரில்தான் வெளியே போகாமல் தடுத்து, வருஷக்கணக்காகத் தங்கள் வீட்டிலேயே சேர்த்து வைத்தவர்களும் இருந்தார்கள். அப்படிச் சேர்ந்தவற்றைப் பேராச்சாம்பா மியூசியத்தில் இப்போது பார்க்கலாம். தோண்டிய இடம் தெரியாவிட்டாலும் ஊராவது தெரிகிறது. அந்த மட்டுக்கும் இவை லண்டன் ஏலக்கடையில் இருப்பதை விட ஒரு படி மேல்.

போக நினைப்பவர்களுக்கு: சியால்தாவிலிருந்து ஹாஸ்னாபாத் லோக்கலில் ஏறி ஹாரோவா ரோடு ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோ, டோட்டோ கிடைக்கும். காரில் போனால் பாராசாத் டிராஃபிக்கைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. கனா-மிஹிர் மேடு சாலையிலேயே இருக்கிறது. கோட்டை மேட்டுக்கு ஊருக்குள் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். 'கர்' என்று கேட்டால் போதும், சின்னப் பையன்கூட வழி காட்டுவான். பலகைகளைப் பார்க்க வேண்டுமானால் காலேஜ் ஸ்ட்ரீட்டில் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் ஆசுதோஷ் மியூசியத்துக்கு ஒரு வேலை நாளில் லீவு போட்டுப் போகலாம். பெஹாலாவில் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது.

வரப்பில் நடக்கும்போது பானை ஓடு நிச்சயம் காலில் தட்டுப்படும். பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும். பார்த்த பிறகு எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், பையில் போடவேண்டாம். சாப்பாட்டுக் கடைகளில் மீன் வாசனை தூக்கலாக இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர்கள் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவது உத்தமம்.